‘எண்பது சதவீதம் முடிந்தது’ என்று விற்கும் கிட் காரை வாங்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். லோட்டஸ் செவன் மாதிரியான திறந்த, இரண்டு சீட் கார் ஒன்றை என் கையால் கட்டி ஓட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இரண்டு வழி தெரிகிறது. சதுர இரும்புக் குழாய் வாங்கி ஷாசியை, அதாவது காரின் சட்டகத்தை, நானே வெல்டு செய்து, பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றைப் பிரித்து அதன் பாகங்களைப் பூட்டுவது ஒன்று. இல்லாவிட்டால், பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டும் காரான கிட் ஒன்றை, ஒருவர் பாதியில் நிறுத்தியதை, வாங்குவது. அவர் 2008-இல் தொடங்கினாராம். எஞ்ஜினும் சஸ்பென்ஷனும் ஏறிவிட்டன. வயரிங்கும் உள்வேலையும் பாக்கி. “எண்பது சதவீதம் முடிந்தது” என்கிறார், 3,000 பவுண்டு கேட்கிறார். என்னிடம் ஒரு கார் நிற்கும் கராஜ்தான் உண்டு. சனி, ஞாயிறில்தான் நேரம். வெல்டிங் தெரியாது. எதை எடுப்பது?

பதில்: உங்கள் நிலைமைக்குப் பாதி முடிந்த கிட்தான் சரி. ஆனால் நீங்கள் சொல்லும் இந்தக் கிட்டா என்பதை, அவர் வைத்திருக்கும் காகிதங்களைப் பார்த்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் அந்த எண்பது சதவீதம். சஸ்பென்ஷனைப் பூட்டுவதும் எஞ்ஜினை ஏற்றுவதும் கண்ணில் படுகிற வேலை. சில வாரங்களில் முடிந்துவிடும், போட்டோவிலும் கார் போலவே தெரியும். அதற்குப் பிறகு வயரிங், பிரேக் குழாய், கூலிங், பெட்ரோல் டேங்க், டாஷ், விளக்குகள், கடைசியாக, சாலையில் ஓட்ட அனுமதி பெறத் தேற வேண்டிய ஐ.வி.ஏ. சோதனைக்குத் தயார் செய்வது என்று வரிசையாக நிற்கும். என் கணக்கில் உழைப்பில் பாதி இங்கேதான் இருக்கிறது. யானை நுழைந்து வால் மாட்டிக்கொண்ட கதை. நான் பார்த்தவரை, கிட்கள் கைவிடப்படுவதும் இந்த இடத்தில்தான். அதனால் அதை எண்பது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஐம்பது என்று வைத்துக்கொண்டு பேசுங்கள்.

2008 என்ற ஆண்டும் முக்கியம். அப்போது இப்படித் தனித்தனியாகக் கட்டும் கார்களுக்கு இருந்தது எஸ்.வி.ஏ. என்ற சோதனை. 2009-இல் அதன் இடத்துக்கு ஐ.வி.ஏ. வந்தது. அவர் பழைய விதியை மனத்தில் வைத்துக் கட்டியிருப்பார், நீங்கள் இன்றைய விதியில் தேற வேண்டும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பந்தை வண்டியின் வெளிப்புறம் உருட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு உட்பட்ட பகுதியில் அந்தப் பந்து தொடும் விளிம்பு ஒவ்வொன்றும் 2.5 மில்லிமீட்டர் ஆரத்திலாவது வளைந்திருக்க வேண்டும். சஸ்பென்ஷன் போல்ட் முனை, விளக்கு பிராக்கெட், மட்கார்டு ஓரம் எதுவும் விலக்கல்ல.

இனி என் அனுபவம். நானும் பாதி முடிந்த கிட் ஒன்றை வாங்கியவன். சீட் பெல்ட் பூட்டும் நாள் வந்தது. பெல்ட்டோடு வந்த போல்ட் 7/16 அங்குல யு.என்.எஃப். என்ற அங்குல அளவு மரை, இந்த வேலைக்கு எங்கும் வழக்கமானது. அதைக் கையால் திருகினேன். ஒன்றரைச் சுற்றில் நின்றுவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால், முன்னவர் ஷாசியில் வைத்து வெல்டு செய்திருந்தது எம்12 என்ற மில்லிமீட்டர் அளவு நட். அதற்கு மேல் அலுமினியத் தகடும் அறைந்து மூடியிருந்தார். உயிரைக் காக்கிற போல்ட்டில் சமாளிப்புக்கு இடமில்லை. ஒவ்வொரு ரிவெட்டாகத் துளைத்தெடுத்து, தகட்டைக் கழற்றி, நட்டுகளை வெட்டி, தேர்ந்த வெல்டர் ஒருவரைக் கொண்டு புதிதாக வைத்தேன். மூன்று வாரக் கடைசிகள் போயின. தகட்டுக்குப் பின்னால், அலுமினியமும் இரும்பும் ஒட்டியிருந்த இடங்களில் வெள்ளைப் பொடி பூத்திருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. பாதிக் கிட் வாங்கும்போது இன்னொருவருடைய முடிவுகளையும் சேர்த்தே விலைக்கு வாங்குகிறோம். அவற்றில் பாதி தகட்டுக்குப் பின்னால் இருக்கும்.

அதனால் போய்ப் பார்க்கும்போது முதலில் காகிதக் கட்டைக் கேளுங்கள். பாகங்கள் வந்த டோனர் காரின் வி5சி என்ற பதிவுச் சான்று, எஞ்ஜினின் வயதுக்குச் சான்று, ரசீதுகள், கட்டும்போது எடுத்த போட்டோக்கள், கிட் நிறுவனத்தின் கையேடு எல்லாம் வேண்டும். எஞ்ஜின் எந்த ஆண்டு என்று நிரூபிக்க முடிந்தால் அந்த ஆண்டுக்குரிய புகை அளவில் சோதிப்பார்கள். சான்று இல்லாவிட்டால் பழைய எஞ்ஜினைப் புதியதன் அளவில் நிறுத்த வேண்டி வரலாம். டோனரின் காகிதம் இல்லையென்றால் வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ., வயது உறுதியாகாத வண்டி என்று காட்டும் ‘கியூ’ எழுத்துப் பதிவெண்ணை (கியூ பிளேட்) கொடுக்க வாய்ப்பு அதிகம். பின்னாளில் விற்கும்போது அது விலையைக் குறைக்கும். அமெச்சூர் கட்டிய வண்டி என்று காட்டவும் போட்டோக்கள் உதவும். முன்னவரிடம் அவை இருந்தால் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விலையில் கை வையுங்கள்.

வண்டியில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. அளவு டேப்பால் ஷாசியின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து ஒப்பிடுங்கள். ஸ்டீயரிங் ராக்கின் ரப்பர் உறையை விரலால் அழுத்துங்கள், உதிர்ந்தால் மற்ற ரப்பர்களும் அப்படித்தான். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2408 என்றால் 2008-இன் 24-ஆவது வாரம். ஓடாவிட்டாலும் அந்த டயரில் சாலைக்குப் போகக் கூடாது. பிளக்கைக் கழற்றி, ஸ்பானர் வைத்து எஞ்ஜினைக் கையால் சுற்றிப் பாருங்கள். கிட் நிறுவனம் இன்னும் நடக்கிறதா என்றும் விசாரியுங்கள். மூடிவிட்டிருந்தால் மூக்குப் பகுதி உடைந்தால்கூட அதை வார்க்கும் அச்சு தேடி அலைய வேண்டும்.

விலையை, கார் என்று நினைக்காமல் பாகங்கள் நிறைந்த பெட்டி என்று நினைத்துப் போடுங்கள். டயர், ஹோஸ், பாட்டரி, பிரேக் உள்பாகங்கள் எல்லாவற்றுக்கும் பூஜ்யம். நல்ல ஷாசி, சுற்றுகிற எஞ்ஜின், காகிதம் இவற்றுக்குத்தான் பணம். போட்டோ தவிர மற்ற காகிதம் முழுதாக இருந்தால் பேரம் பேசி வாங்குங்கள். இல்லையென்றால் பாதி விலைக்கும் வேண்டாம்.

முதலிலிருந்து கட்டுவது மோசமான வழி என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு வெல்டும் உங்களுடையது, ஒவ்வொரு நட்டும் எந்த மரை என்று தெரியும்; அந்தத் திருப்திக்கு விலை கிடையாது. 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 1.6 மில்லிமீட்டர் தடிப்பு. இரும்புக்கு ஆகும் செலவு பெரிதல்ல. ஆனால் ஒரு கார் கராஜில் ஷாசியும் பிரித்துக் கிடக்கும் மஸ்டாவும் ஒன்றாக அடங்காது. வெல்டிங்கும் தெரியாது என்கிறீர்கள். சஸ்பென்ஷன் பிராக்கெட் என்பது பழகிப் பார்க்கிற இடமல்ல. முதலில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்து பழகுங்கள், அது அடுத்த காருக்கு ஆகும். வாங்குவதற்கு முன், கிட் கார் கண்காட்சி ஒன்றுக்குப் போய், கட்டி முடித்தவர்களிடம் எது கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள். சலிக்காமல் சொல்வார்கள்.

கேள்வி: அந்தக் கிட்டை வாங்கிய பிறகு கோளாறு தெரிந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? புதிய கிட்டுக்கு நிறுவனத்தில் முன்பணம் கட்டுவது இதைவிடப் பாதுகாப்பா?

பதில்: தனியாரிடம் வாங்கினால் உங்களுக்கு உரிமை குறைவு. கடையில் வாங்கிய பொருள் பழுது என்றால் 30 நாளுக்குள் திருப்பலாம் என்பது 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் தரும் சலுகை. தனிநபர் விற்பனைக்கு அது பொருந்தாது. அங்கே விற்பவர் சொன்ன வர்ணனையோடு பொருள் ஒத்திருக்க வேண்டும், விற்கும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான். எனவே “எஞ்ஜின் மறுசீரமைத்தது”, “காகிதம் எல்லாம் உண்டு” என்று அவர் சொன்னதை ரசீதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ச்சொல் பின்னால் நிற்காது.

நிறுவனத்தில் முன்பணம் கட்டுவதானால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். கிட்டின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுக்குள் இருந்தால், 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவுப்படி, நிறுவனம் கவிழ்ந்தாலும் கார்டு கம்பெனியிடம் முழுத் தொகைக்கும் கோரலாம். முன்பணம் மட்டும் கார்டில் போயிருந்தாலும் போதும். வங்கி மாற்றல் செய்தால் தள்ளுபடி தருகிறோம் என்பார்கள். அந்தத் தள்ளுபடியை விட்டுவிடுங்கள்.