உலாத்தித் திரியிற ஆள்

கேள்வி: கம்பஸ் நூலகம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். வளாகத்தில் நடக்கிற நூல் வெளியீடு, கருத்தரங்கு, மாணவர் மன்றக் கூட்டம், மீற்றிங் என்று இயன்றதற்கெல்லாம் போய்வருவேன். சோர்ட் லீவ் போட்டுவிட்டுத் தமிழ்ச் சங்கத்துக்குப் போவதும் உண்டு. "லைப்ரரியில இருக்கவேண்டிய ஆள் ஏன் உலாத்தித் திரியிறா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கதைக்கிறார்கள். நான் செய்வது பிழையா, ஆசிரியரே?
— பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்: பிழையோ சரியோ, பிறகு பார்ப்போம். 'உலாத்து' என்ற சொல்லை இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு கடிதத்தில் கண்டதே எனக்குப் போதும். வெள்ளவத்தைக் கடற்கரையில் இப்போது எல்லாரும் 'வோக்கிங்' போகிறார்கள். உலாத்துகிறவர் எவரையும் காணோம். (வேர்ச்சொல் ஆராய்ச்சிக்காரர் தயவுசெய்து இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகவும். உலாத்தி உலாத்தி வந்தபடியால்தான் டச்சுக்காரனுக்கு உலாந்தாக்காரன் என்று பெயர் வந்தது என்று நாளைக்கே ஒருவர் எட்டுப் பக்கம் எழுதி அனுப்புவார். போடமாட்டேன். போன தடவை போடாததற்கே அவர் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. நிம்மதியாக இருக்கிறேன்.)

உலாத்துக்குத் தாய்வீடு உலா. தலைவன் தெருவில் பவனி வருவான். பார்த்த பெண்கள் அத்தனை பேரும் மயங்குவார்கள். அதுதான் உலாப் பிரபந்தம். ஒட்டக்கூத்தர் தகப்பன், மகன், பேரன் என்று மூன்று தலைமுறைச் சோழரை வரிசையாகத் தெருவில் இறக்கிவிட்டார். "அரண்மனையில இருக்கவேண்டிய ஆள்" என்று மந்திரிமார் யாரும் முணுமுணுத்ததாகப் பாட்டில் இல்லை.

மயங்குகிற பெண்களை ஏழு பருவமாகப் பிரித்திருக்கிறார்கள். பேதைக்கு 5 முதல் 7 வயது. நம்முடைய கூட்டத்தில் அது தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடக் கூட்டிவந்த பிள்ளைகள். பாடி முடிந்ததும் தாய்மார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பெதும்பை, 'சேர் வரச்சொன்னவர்' என்று வந்த முதலாம் வருடம். மங்கை கைபேசியில் இருக்கிறாள். மடந்தையைக் காணோம், ரியூஷன். அரிவை, தெரிவை இரண்டு பேரும் வெளிநாடு. கடைசியில் பேரிளம்பெண். பாட்டியல்காரர், அதாவது பிரபந்தங்களுக்கு இலக்கணம் எழுதியவர்கள், கணக்கில் அவளுக்கு 32 முதல் 40. அதோடு புத்தகத்தை மூடிவிட்டார்கள்! 40க்கு மேல் இலக்கணத்தில் ஆளே கிடையாது. போன மாதம் சங்கரப்பிள்ளை மண்டபத்தில் பின்வரிசையிலிருந்து தலைகளை எண்ணினேன். இலக்கணத்துக்கு உட்பட்டவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் ஒலிபெருக்கி பார்க்க வந்தவர். மற்ற நாங்கள் எல்லாரும் பாட்டியலுக்கு வெளியே நரைத்துப்போய் உட்கார்ந்திருந்தோம். ஐந்தாவது நீங்களாக இருந்திருந்தால் சொல்லுங்கள், கணக்கைத் திருத்துகிறேன்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். 'கூட்டம், மீற்றிங்' என்று இரண்டையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் வேறு. கூட்டத்தில் சனம் இருக்கும், மீற்றிங்கில் மினிட்ஸ் இருக்கும். முந்திய மீற்றிங்கின் மினிட்ஸை வாசித்து ஏற்றுக்கொள்வதற்காக அடுத்த மீற்றிங் கூடும். அது ஏன் கூடியது என்பது அதற்கடுத்த மினிட்ஸில் வரும். அதற்கு நீங்கள் போவதுபற்றி உங்கள் சகபாடிகள் முறைப்பட்டால் நான் அவர்கள் பக்கம். ஆனால் அவர்களுக்கு நோவது நீங்கள் மீற்றிங்குக்குப் போவதல்ல, நூல் வெளியீட்டுக்குப் போவது என்று எனக்குப் படுகிறது. அங்கேதானே ரோல்ஸும் பற்றிஸும் கொடுக்கிறார்கள்.

கோயிலுக்கு உள்ளே மூலவர் அசையாமல் இருப்பார். திருவிழாவென்றால் வெளியே வருவது உற்சவர். ஆடிவேலுக்கு முருகன் செட்டியார் தெருவிலிருந்து வெளிக்கிட்டுப் பம்பலப்பிட்டிக்கு வருகிறார். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்கள் பின்னால் ஊர்கின்றன. "சந்நிதியில இருக்கவேண்டிய ஆள்" என்று ஹோர்ன் அடிக்க எந்தச் சாரதிக்கும் துணிவில்லை. உங்கள் நூலகத்தில் மூலவர்கள் நிறையப்பேர் இருக்கிறார்கள் போல. கதிரையை விட்டு எழும்பாததையே கடமை என்று நினைக்கிற மூலவர்கள்.

நூலகத்தில் புத்தகங்களை எண் போட்டு அடுக்குகிற டூயி பகுப்பில் தமிழிலக்கியம் 894.811. அந்தத் தட்டில் இந்நாட்டில் அச்சான புத்தகம் எத்தனை நிற்கிறது என்று உங்கள் மூலவர்களைக் கேளுங்கள். இங்கே தமிழ்ப் புத்தகம் எப்படிப் பிறக்கிறது என்பது எனக்குத் தெரியும், நானும் இரண்டைப் பெற்றவன். எழுதியவரே காசு போடுவார், சில நூறு பிரதி அடிப்பார், விநியோகம் என்று ஒன்று கிடையாது. வெளியீட்டன்று முதற்பிரதியை ஒரு வர்த்தகப் பிரமுகர் என்வலப்போடு வந்து வாங்கிப் படமெடுத்துக்கொள்வார். (அந்தப் பிரதி அவர் காரின் பின்சீற்றிலேயே கிடந்து வெளிறிப்போகும்.) மிச்சம் அன்றைக்கு விற்றது விற்றதுதான். விற்காதது எழுதியவரின் கட்டிலுக்குக் கீழே போகும், பிறகு கறையானுக்குப் போகும். 1885ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஒன்று அச்சகக்காரர் பிரதி ஒப்படைக்கவேண்டும் என்கிறது. அது ஆவணக்காப்பகத்துக்கு. உங்கள் தட்டுக்குப் புத்தகம் வரவேண்டுமென்றால் அன்று பின்னேரம் வாசல் மேசைக்கு ஒருவர் போகவேண்டும். ஒரு பிரதி வாங்கிப் பற்றுச்சீட்டும் கேட்டெடுத்து வரவேண்டும். இதற்குப் பெயர் உலாத்தலா?

புத்தகத்தோடு நில்லாதீர்கள். அழைப்பிதழையும் எடுத்துவாருங்கள். யார் தலைமை, யார் நயவுரை, யாருடைய பெயரைக் கடைசி நேரத்தில் மையால் வெட்டியிருக்கிறது என்பதெல்லாம் இருபது வருடத்துக்குப் பிறகு சரித்திரம். செத்தவரின் 31ஆம் நாளில் வீடுகளில் கொடுக்கிற நினைவுப் புத்தகமான கல்வெட்டையே 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற மின்னூலகத்துப் பிள்ளைகள் தேடித்தேடி ஸ்கான் பண்ணி வைத்திருக்கிறார்கள். ஒரு ஊரின் வம்சாவளி அதில்தான் இருக்கிறது. யாழ்ப்பாண நூலகமே 1933இல் கே. எம். செல்லப்பா என்ற மனிதர் தன் வீட்டில் வைத்து இரவல் கொடுத்ததில்தான் தொடங்கியது. அலுவலகமும் இல்லை, வெளிச்செல்லும் பதிவேடும் இல்லை.

இன்னொரு உலாத்தியையும் சொல்கிறேன். சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போட்டார்கள். வாசகர் வராத மண்டபத்தில் சும்மா இருக்க முடியாமல், 'என்னைப் பழையபடி படிப்பிக்க விடுங்கள்' என்று கல்லூரிக்கே ஓடிவந்தார். முதலில் லண்டனுக்குப் போய்ப் பார், பிறகு கதைப்போம் என்று அனுப்பினார்கள். அங்கே நூலகம் நூலகமாக அலைந்தார். கடைசியில், புத்தகங்களை வகைபிரித்து அடுக்க அவர் உண்டாக்கிய கோலன் பகுப்புக்கு யோசனை கிடைத்தது எந்த நூலகத்திலும் இல்லை. செல்ஃப்ரிட்ஜஸ் கடையில், மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பூட்டிக் கழற்றிக் காட்டிக்கொண்டிருந்த இடத்தில்! 1933இல் புத்தகமாக வந்தது. உங்கள் சகபாடிகள் அன்று அங்கே இருந்திருந்தால் பொம்மைக் கடையில் என்ன வேலை என்று கேட்டு ஒரு மெமோ அனுப்பியிருப்பார்கள்.

நூலகர்மீது எனக்கு ஒரு பழைய கோபமும் உண்டு, மறைக்கவில்லை. கன வருடத்துக்கு முந்தி ஒரு நூலகத்துக்கு எங்கள் இதழை மாதாமாதம் நானே கொண்டுபோய்க் கொடுத்து வந்தேன். இடமில்லை என்று ஒருநாள் பழைய இதழ்களைப் பழைய பேப்பர்காரனுக்கு நிறுத்துப் போட்டுவிட்டார்கள். எனக்கு எப்படித் தெரியும்? காலிமுகத் திடலில் இறால் வடை வாங்கினேன். வெங்காயத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் கீழே என்னுடைய கேள்வி-பதில் பக்கம். மூலையில் நீல மையில் அந்த நூலகத்தின் வட்ட முத்திரை. எண்ணெய் ஊறி எழுத்து மறுபக்கத்தோடு சேர்ந்து தெரிந்தது. ஒரு பேராசிரியரோடு நான் மல்லுக்கட்டிய பதில் அது. நடுவில் கிழிந்திருந்தது, முடிவு அடுத்த வடையோடு போய்விட்டது. என் அலுவலகப் பிரதி 2004இலோ எப்போதோ வீடு மாறியபோது தொலைந்தது. அந்தப் பதிலை எப்படி முடித்தேன் என்று எனக்கே இன்றைக்கு ஞாபகமில்லை. பேராசிரியருக்கு ஞாபகம் இருக்கும், கேட்க மனமில்லை.

நீங்கள் அலைகிற ஆள். எங்காவது தட்டில் எங்கள் பழைய இதழ்கள் அகப்பட்டால் 'பேராசிரியரும் பொன்னாடையும்' என்று தலைப்பிட்ட பதிலைப் பார்த்து, கடைசிப் பந்தியை மட்டும் போட்டோக்கொப்பி எடுத்து அனுப்புங்கள். காசு நான் தருகிறேன். சோர்ட் லீவுக்குக் காரணம் கேட்டால் என் பெயரைச் சொல்லவேண்டாம், அங்கேயும் என்னோடு கதைக்காதவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.