வன்னிக்கு சுற்றுலா வாறவை மணல் ஈக்குப் பயப்பட வேணுமா? அதை எப்பிடி சர்வே பண்ணுறவை?

பயந்து வராம விடத் தேவையில்லை, ஆனா இரவில எங்க படுக்கிறம் எண்டதை யோசிக்க வேணும். பூச்சி சர்வே டீமோட மாட்டுப்பட்டி, புத்து எண்டு திரிஞ்ச ஆள் எண்டபடியா எனக்குத் தெரிஞ்சதை சொல்லுறன்.

மணல் ஈ கடிச்சுப் பரவுற ஒட்டுண்ணி நோய்தான் லீஷ்மேனியாசிஸ். இலங்கையில அது அநேகமா தோல்லதான் வாறது, உள்ளூரிலயே தொத்தின முதல் கேஸ் 1992ல பதிவானது, 2008ல இருந்து கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். பரப்புறது பிளெபோடோமஸ் அர்ஜென்டிபெஸ் எண்ட மணல் ஈ இனம், அதிலயும் பொட்டைதான் இரத்தம் குடிக்கும். நுளம்பை விட நல்லாச் சின்னன், சத்தமே கேக்காது, செட்டையை நிமித்தி வச்சுக்கொண்டு இருக்கும், தத்தித் தத்தித்தான் பறக்கும். கடற்கரை மணல்ல தேடி பிரயோசனமில்லை, சாணம் உக்கின ஈரமண், கறையான் புத்து, மரப்பொந்து இதுகள்தான் அதின்ர இடம்.

பிடிக்கிறது எப்பிடியெண்டா, வெள்ளைப் பேப்பர்ல ஆமணக்கெண்ணெய் பூசி பொழுதுபட முன்னம் புத்து வாயிலயும் கொட்டில் சுவரிலயும் வச்சிட்டு விடியத்தான் எடுக்கிறது, வெளிச்சத்தால ஈயை இழுக்கிற லைட் ட்ராப்பும் கட்டுறது, காலமை வீட்டுச் சுவர்ல டோர்ச் அடிச்சு குழாயால உறிஞ்சியும் எடுக்கிறது. எண்ணெயில ஒட்டினதை மெல்லிய பிரஷ்ஷால தூக்கி ஸ்பிரிட்டுக்குள்ள போடேக்க காலொண்டு கழண்டாலே மனம் பதறும். பிறகு மைக்ரோஸ்கோப்புக்குக் கீழ தொண்டைக்குள்ள இருக்கிற பல்லு வரிசை, பொட்டைக்குள்ள விந்தைச் சேமிச்சு வைக்கிற பை எல்லாம் பாத்துத்தான் இனம் பிரிக்கிறது. இதுதான் முக்கியமான வேலை, ஏனெண்டா அதுக்குள்ள செர்ஜென்டோமியா எண்ட வேற வகை மணல் ஈயும் கிடக்கும், அது பெரும்பாலும் பல்லி ஓணான்ர இரத்தம் குடிக்கிறது, அதால கன ஈ விழுந்த இடமெல்லாம் ஆபத்தான இடம் எண்டு சொல்லேலாது.

என்ர மனசில கனநாளா இருக்கிறது என்னெண்டா, நோயாளியின்ர வீட்டைச் சுத்தி மட்டும் தேடினா காணாது, வெளியூர்ச் சனம் வந்து படுக்கிற இடத்தில, அவை வாற காலத்திலயே பொறி வைக்க வேணும். மடு மாதா கோயில்ல ஆகஸ்ட் 15 திருவிழாவுக்கு குடும்பம் குடும்பமா காட்டுக்குள்ள கூடாரம் அடிச்சு நாள்கணக்கா தங்கினம், முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு விடிய விடிய சனம். கடிச்சு கிழமைக்கணக்கில, சில நேரம் மாசக்கணக்கில கழிச்சுத்தான் புண் தெரியும், அதுக்குள்ள அவை கொழும்பிலயோ நீர்கொழும்பிலயோ இருப்பினம், ஆருக்கு மடு ஞாபகம் வரப்போகுது?

வாறவை புத்துக்கும் மாட்டுக்கும் தள்ளிக் கூடாரம் அடியுங்கோ, பொழுதுபட முழுக்கை உடுப்பு போடுங்கோ, பூச்சி விரட்டுற கிறீம் பூசுங்கோ. சாதாரண நுளம்பு வலைக் கண்ணுக்குள்ளால இது பூந்திடும், நெருங்கின கண் வலை வேணும். ஃபான் இருந்தா போடுங்கோ, காத்துக்கு இதால பறக்கேலாது. பிறகு நோகாம அரிக்காம ஒரு கட்டி வந்து கிழமைக்கணக்கா ஆறாட்டி பச்சிலை வச்சுக் கட்டாதேங்கோ, தோல் கிளினிக்குக்குப் போய் வன்னியில காட்டுக்குள்ள படுத்தனாங்கள் எண்டு டொக்டரிட்ட சொல்லுங்கோ. புண்ணுக்குள்ளயே ஊசி போடுவினம், இல்லாட்டி திரவ நைட்ரஜன் வைப்பினம், அது மாறுற வருத்தம்தான்.