துறைமுகப் புகையும் அரசுப் பணமும்: கேள்வி பதில்

சரக்குக் கப்பல்களில் எலெக்ட்ரிகல் ஆபீசராக இருபது வருஷம் ஓட்டிவிட்டு, இப்போது தூத்துக்குடியில் கரை ஒதுங்கியிருக்கிறேன். துறைமுகங்களைப் பசுமையாக்க அரசு ஒதுக்கும் பணத்தைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் கீழே.

சார், கரையில் கட்டி நிற்கும் கப்பல் ஏன் புகை விடுகிறது? (கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை)

கப்பல் நின்றாலும் உள்ளே குடித்தனம் நடக்கிறதே அம்மா. விளக்கு, பம்ப், ஏ.சி., சமையலறை, இறாலும் மீனும் ஏற்றிய குளிர்பெட்டிகள் என்று எல்லாவற்றுக்கும் கப்பலின் ஜெனரேட்டர் இராப்பகலாக ஓட வேண்டும். கரையிலிருந்து கரண்ட் கொடுத்தால் அதை நிறுத்திவிடலாம். லாஸ் ஏஞ்சலஸில் முதல் தடவை அப்படி இணைத்தது இன்னும் நினைவிருக்கிறது. கைத் தடிமனில் கேபிள், 6,600 வோல்ட். பாரத்தை மெதுவாகக் கரை மின்சாரத்துக்கு மாற்றிவிட்டு ஜெனரேட்டரை அணைத்தேன். மேலே டெக்குக்கு வந்தால், சமையலறையில் தட்டு கழுவும் சத்தம் கேட்கிறது! அத்தனை மாதம் அதே கப்பலில் இருந்தும் அதைக் கேட்டதே இல்லை.

அதை இங்கேயும் வைத்துவிட வேண்டியதுதானே? பணம்தான் பிரச்சினையா?

பணம் பாதிப் பிரச்சினைதான். பெரும்பாலான பெரிய கப்பல்களின் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 60 அலை), நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நடுவில் 50-ஐ 60 ஆக்கும் கருவி ஒன்று வைக்க வேண்டும், செலவில் பெரும் பங்கு அதற்கே போய்விடும். மீதிப் பாதி, யார் முதலில் இறங்குவது என்பது. கரையில் பிளக் இல்லாமல் கப்பல்காரர் தன் கப்பலை மாற்ற மாட்டார். கப்பல் வராமல் துறைமுகம் பிளக் வைக்காது. கலிஃபோர்னியா 2007இல் விதி போட்டுத்தான் இந்த முடிச்சை அவிழ்த்தது. 2014 முதல் குறிப்பிட்ட நிறுவனங்களின் கப்பல் வருகைகளில் பாதி, 2020 முதல் 80 சதவீதம் கரை மின்சாரத்தில் நிற்க வேண்டும் என்றது. ஐரோப்பாவும் 2030 முதல் பெரிய துறைமுகங்களில் கன்டெய்னர் கப்பல்களுக்கும் பயணிகள் கப்பல்களுக்கும் அதைக் கட்டாயமாக்குகிறது.

நம்மிடம் இருப்பது துறைமுகங்களுக்காக மத்திய அரசு 2023இல் கொண்டுவந்த 'ஹரித் சாகர்' வழிகாட்டுதல். ஒரு டன் சரக்குக்கு ஆகும் கார்பனை 2030க்குள் 30, 2047க்குள் 70 சதவீதம் குறைக்கச் சொல்கிறது. நல்ல இலக்குதான். ஆனால் வழிகாட்டுதலை வைத்துக்கொண்டு ஒரு கப்பல் கேப்டனிடம் போய் 'ஜெனரேட்டரை நிறுத்து' என்று சொல்ல முடியாது. கட்டாயம் இல்லாமல் மானியத்தை மட்டும் கொட்டினால் பிளக்கில் உப்புக்காற்றுதான் படியும் என்பது என் கட்சி.

அண்ணாச்சி, கரை கரண்டும் பக்கத்திலிருக்கும் அனல் மின்நிலையத்து நிலக்கரிதானே? (தெர்மல் நகர்)

மறுக்க மாட்டேன். 1,050 மெகாவாட்டுக்குக் கட்டிய நிலையம் அது, அதற்கான நிலக்கரி இறங்குவதும் இதே துறைமுகத்தில்தான். ஆனாலும் கப்பல் புகை நேராகக் கூலித் தொழிலாளி மூக்கில் ஏறுகிறது. அதோடு, மின்கட்டமைப்பில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக் கூட அதே பிளக்கில் வரும் கரண்டும் சுத்தமாகும். கப்பல் ஜெனரேட்டர் பெரும்பாலும் எண்ணெயைத்தான் எரிக்கும்.

எங்க டிரெய்லர் லாரிக்கு ஏதாவது கிடைக்குமா அண்ணாச்சி?

மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் என்ற மின்வாகன மானியத் திட்டத்தில் மின்சார லாரிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தார்கள். பழைய லாரியை உடைத்த சான்றிதழ் வேண்டும், அதைக் கவனியுங்கள். ஆனால் ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவருக்கு மீதிப் பணத்தைப் புரட்டுவதுதான் கஷ்டம். லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்கள் 2022 ஏப்ரல் முதல் சரக்கு ஏற்றிய 20 அடிப் பெட்டி ஒன்றுக்கு 10 டாலர் வசூலித்து அதைப் புகையில்லா லாரிக்குக் கொடுக்கின்றன. சுமை சரக்குக்காரர் தலையில் விழுகிறது, டிரைவர் தலையில் அல்ல. எனக்குப் பிடித்த ஏற்பாடு அது.

மின்சார எந்திரம் வந்தால் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா? (கிரேன் ஆபரேட்டர்)

மின்சாரம் வேறு, தானியங்கி வேறு. அமெரிக்கா 2022 சட்டத்தின் கீழ் சுத்தத் துறைமுகங்களுக்கு 300 கோடி டாலர் ஒதுக்கியது. 2024 அக்டோபரில் 55 திட்டங்களுக்கு அறிவித்ததில் லாஸ் ஏஞ்சலஸுக்கு மட்டும் 41 கோடிக்கு மேல். ஆனால் ஆளில்லாமல் ஓடும் சரக்கு எந்திரத்துக்கு அந்தப் பணம் கிடையாது என்று விதியிலேயே எழுதிவிட்டார்கள். உங்கள் சங்கம் கேட்க வேண்டியது இதைத்தான்.

1,000 கோடியில் மின்சார டக் (கப்பலைத் தள்ளும், இழுக்கும் படகு) வாங்குவது வீண் இல்லையா?

இல்லை தம்பி. 2024இல் தொடங்கிய பசுமை டக் திட்டத்தில் முதல் கட்டமாக ஜேஎன்பிஏ (மும்பை அருகே), தீன்தயாள் (காண்ட்லா), பாரதீப், வ.உ.சி. (நம் தூத்துக்குடி) துறைமுகங்கள் தலா இரண்டு எடுக்க வேண்டும். டக் ஒரு கப்பலைத் தள்ளி முடித்தால் அடுத்த கப்பல் வரும்வரை சும்மா கட்டிக்கிடக்கும். பேட்டரிக்கு அதைவிடத் தோதான வேலை கடலில் வேறில்லை. தூரமும் சில மைல்தான்.

ராயபுரத்தில் ஒரு காலத்தில் மொட்டை மாடியில் துணி காயப்போட முடியாது. இப்போது பரவாயில்லை. எந்த மானியம் அது?

மானியமே இல்லை அம்மா. நிலக்கரியும் இரும்புத்தாதுவும் சென்னைத் துறைமுகத்தில் கையாளக் கூடாது என்று உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவு, 2011 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நிலக்கரி எண்ணூருக்குப் போனது. எண்ணூர்க்காரர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

வ.உ.சி. துறைமுகத்தில் ஹைட்ரஜன் வந்துவிட்டதாமே?

2025 செப்டம்பரில் ஒரு முன்னோடி ஆலை திறந்தார்கள், செலவு 3.87 கோடி. மணிக்கு 10 கன மீட்டர், எடையில் ஒரு கிலோகூட வராது. குடியிருப்பின் தெருவிளக்குக்கும் மின்வாகன சார்ஜிங்குக்கும் போகிறது. பழகிக்கொள்வதற்கு என்றால் சரி. அதை வைத்துக் கப்பல் ஓடும் என்று யாராவது சொன்னால் அவரிடம் எந்தக் கப்பல் என்று கேளுங்கள்.