மூன்றாண்டுப் பட்டமும் ஆறாண்டு அடகும்

கேள்வி: நாங்கள் தேவகோட்டைக்கு அருகில் வசிக்கிறோம். நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். கணவர் காரைக்குடியில் ஓர் இரும்புக்கடையில் மேலாளர். இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் ₹62,000. எங்கள் ஒரே மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு, வரலாறுதான் படிப்பேன் என்கிறாள். ஊர் வீட்டுப் பரணில் கொள்ளுத் தாத்தாவின் பர்மாக் கணக்குப் பேரேடுகளைப் பார்த்ததிலிருந்து இந்த ஆசை. மூன்று இடங்களில் அனுமதி கிடைத்திருக்கிறது: பேருந்தில் போய் வரக்கூடிய அரசு கலைக் கல்லூரி (அழகப்பா பல்கலைக்கழகப் பட்டம்), சென்னையில் அரசு உதவி பெறும் ஒரு கல்லூரி (சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம்), வடக்கே ஆண்டுக்கு ₹11 லட்சம் ஆகும் ஒரு தனியார் பல்கலைக்கழகம். "நம் வீட்டுப் பிள்ளை உள்ளூரில் படித்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?" என்று கணவரின் அண்ணன் மூன்றாவதையே வற்புறுத்துகிறார். அதற்கு உடனே ₹3 லட்சம் முன்பணம் கட்ட வேண்டும். வங்கியில் இருக்கும் 18 பவுன் நகையின் மேல் ₹6.8 லட்சம் கடன் நிற்கிறது. தங்கம் விலை ஏறியிருப்பதால் இன்னும் ₹4 லட்சம் தருவதாகச் சொல்கிறார்கள். மிச்சத்துக்குக் கல்விக்கடன், அதற்குக் காரைக்குடியில் உள்ள எங்கள் மனையைப் பிணையாகக் கேட்கிறார்கள். எந்தப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பது? வரவு செலவுத் தாளை இணைத்திருக்கிறேன்.

பதில்: கடிதத்தைவிட, அதனுடன் நீங்கள் இணைத்திருந்த தாளைத்தான் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கர் என்பதால் எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். நானும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தைப் பற்றிய கேள்விக்கு விடை எளிது. அந்த விடையை நிறைவேற்ற முடியாமல் உங்களைத் தடுத்து நிற்பது நகைக்கடன். அதிலும், ஆண்டுதோறும் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கும்போது, விலை ஏறியதைக் காரணமாக வைத்து மேல்பணம் வாங்கிக்கொள்ளும் பழக்கம்.

உங்கள் தாளிலுள்ள எண்களையே வரிசைப்படுத்துகிறேன். 2020-இல் நாத்தனார் மகள் திருமணத்துக்குச் சீர் செய்ய அந்த 18 பவுனின் மேல் வாங்கியது ₹1.8 லட்சம். மறு ஆண்டு ஊர் வீட்டுச் செலவில் உங்கள் பங்கைக் கட்டியபோது அது ₹2.6 லட்சம் ஆனது. பிறகு 3.5, உங்கள் கணவரின் அண்ணனான மூத்தவரின் அறுபதாம் கல்யாணத்தை ஒட்டி 4.4, அதற்கடுத்து 5.6, இப்போது 6.8. சுமார் ஒன்பதரை விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால், ஆறு ஆண்டுகளில் வட்டியாக மட்டும் ஏறத்தாழ ₹2.3 லட்சம் போயிருக்கிறது. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாததோடு, ஐந்து லட்சம் கூடியும் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் தெரிந்தவரிடம் ஒரு நாள் கைமாற்று வாங்கி நகையைத் திருப்பி, மறுநாளே மறுபடி வைத்து, அந்தக் கைமாற்றை அடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு நாள் மட்டுமே நகை உங்கள் கையில் இருந்திருக்கிறது.

இதில் உங்களைக் குறை சொல்வதற்கு எனக்கு மனமில்லை, ஏனென்றால் காரைக்குடி செக்காலைச் சாலையில் உள்ள என் அலுவலகத்துக்கு வருபவர்களில் பாதிப் பேர் இதே வட்டத்தில்தான் சுற்றுகிறார்கள். விலை ஏறும்போது வங்கி கூடுதலாகக் கொடுப்பதை நம் வசதி கூடியதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம். வங்கியோ இதுவரை கொடுத்தது முதன்மையாகப் பிணையின் விலையைப் பார்த்து, உங்கள் சம்பளத்தைப் பார்த்து அல்ல. உங்கள் மகள் பரணிலிருந்து இறக்கிய பேரேடுகளிலும் இதே கதை வேறு வடிவத்தில் இருக்கக்கூடும். கீழ்ப் பர்மாவில் நெல் விலையும் நில விலையும் ஏறிக்கொண்டிருந்தவரை, நம் பக்கத்துச் செட்டியார்கள் அங்கே நிலத்தின் மேல் கொடுத்த கடன் பத்திரமானதாகவே தோன்றியது. 1930-ஐ ஒட்டிய பெருமந்தத்தில் நெல் விலை விழுந்ததும் கடனுக்குப் பணம் வரவில்லை, நிலம்தான் வந்தது. நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930-இல் சுமார் 6 விழுக்காடாக இருந்து 1938-க்குள் 25 விழுக்காட்டை எட்டியது. 1942-இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது அந்த நிலத்தை யாரும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வர முடியவில்லை. கொடுத்தவர்களுக்கே அந்த நிலை என்றால், வாங்கியவர்களின் நிலையை நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அந்த மூன்றாவது பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு வருவோம். மூன்று ஆண்டுகளுக்கு ₹33 லட்சம். முன்பணம் மூன்று லட்சத்தை நகை கொடுக்கிறது; மீதி முப்பது லட்சம் கல்விக்கடன். ஆண்டுக்குப் பத்து லட்சமாக வாங்கி, பத்தரை விழுக்காட்டில், படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தனி வட்டி சேர்ந்தால், தவணை தொடங்கும் நாளில் கடன் ஏறத்தாழ ₹39.5 லட்சமாக நிற்கும். பதினைந்து ஆண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் ₹43,600. மொத்தம் கட்டுவது எழுபத்தெட்டு லட்சத்துக்கு மேல். இதன் பக்கத்தில் ஒரே ஓர் எண்ணை வைத்துப் பாருங்கள்: எம்.ஏ. முடித்து, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் உயர்ந்த இடம் பெற்று, இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் அது மாதம் ₹37,000. வரலாற்று மாணவர்களில் மிகச் சிலருக்கே கிட்டும் தொகை அது; அதுவும் இந்தத் தவணைக்குப் போதாது. தவணை தவறினால் வங்கி பார்க்கப்போவது காரைக்குடி மனையை. மூத்தவரின் வீட்டை அல்ல. அவர் வாய்ச்சொல்லாகத் தருவது ஊக்கம் மட்டுமே. உண்மையிலேயே அந்தப் பல்கலைக்கழகம்தான் வேண்டும் என்று அவர் கருதினால், பிணையாக அவருடைய சொத்தை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பேச்சு அத்துடன் முடிந்துவிடும்.

அவருடைய மகன் எடுக்கச் சொல்லும் மாதம் ₹5,000 'கல்வி பாலிசி'யைப் பற்றி ஒரு வரி போதும். பங்குச்சந்தையோடு இணைந்த அத்தகைய பாலிசியில் ஐந்து ஆண்டுகளுக்குப் பணத்தைத் தொட முடியாது. உங்கள் மகளின் பட்டப் படிப்போ மூன்றாண்டில் முடிந்துவிடும். பிள்ளை கல்லூரியில் சேரும் ஆண்டில் கல்விக்கான பாலிசியை விற்க வருபவர் உறவினராக இருந்தால், காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

இனி நகை. கடிதம் எழுதிய வாரத்தில் கடையில் விசாரித்த விலை பவுனுக்கு ₹85,000 என்று குறித்திருக்கிறீர்கள். பழைய நகைக்குக் கழிவு போக எண்பதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பவுனை விற்றால் ₹6.4 லட்சம்; ஆவணியில் முடியும் சீட்டிலிருந்து நாற்பதாயிரம் சேர்த்தால் கடன் முழுவதும் தீர்ந்துவிடும், பத்துப் பவுன் வீடு திரும்பும். விற்பனை இலாபத்துக்கு வரி வரக்கூடும் என்பதால், பழைய ரசீதுகளைத் தேடி எடுத்துக்கொண்டு உங்கள் ஆடிட்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். "மகளுக்கென்று சேர்த்த நகையை விற்பதா?" என்று உங்கள் மாமியார் கேட்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். சொத்தையும் கடனையும் எதிரெதிரே வைத்து ஐந்தொகை எடுத்துப் பார்த்தால், இன்றைய தேதியில் உங்களுக்குச் சொந்தமாக இருப்பது ஏறக்குறைய பத்துப் பவுன்தான்; மீதி எட்டும் ஏற்கெனவே வங்கிக்குப் போய்விட்டது. அதை ஒப்புக்கொள்வதைத்தான் நான் விற்பது என்கிறேன். பெரியவர்களிடம் இதைப் பேச உங்களைவிட உங்கள் கணவர் பொருத்தமானவர்.

அதன் பிறகு மாதக் கணக்கு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். இப்போது வீட்டுச் செலவு 40,000, சீட்டு 5,000, நகை வட்டி மாதத்துக்கு 5,400, உறவினர் விசேஷங்களில் செய்யும் செய்முறைகளுக்குச் சராசரியாக 8,000, மிஞ்சுவது 3,600. வட்டி நின்றுவிடும். செய்முறைக்கு மாதம் இரண்டாயிரம், அதாவது ஆண்டுக்கு இருபத்து நாலாயிரம் என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டால், மாதம் ஆறாயிரம் கூடுதலாகக் கையில் நிற்கும். வட்டி, செய்முறையில் மிச்சம், ஏற்கெனவே மிஞ்சுவது ஆகிய மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ ₹15,000, ஆண்டுக்கு ₹1.8 லட்சம். செய்முறைகளைக் குறித்து வைக்கும் முறைச்சிட்டையில் உங்கள் பெயருக்கு எதிரே எழுதப்படும் தொகை சற்றுக் குறையும். அதனால் உறவு முறிந்துவிடும் என்று நான் நம்பவில்லை; முறிந்தால், அது எவ்வளவு விலைக்கு நின்றுகொண்டிருந்தது என்பது தெரியவரும்.

சென்னைக் கல்லூரிக்குக் கட்டணம், விடுதி, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ₹1.3 லட்சம் என்று நீங்களே கணக்கிட்டிருக்கிறீர்கள். ஆக, கடனே இல்லாமல் கட்டலாம். ஆண்டுக்கு ஐம்பதாயிரம் எம்.ஏ.வுக்காக மிஞ்சும். என் தேர்வு சென்னைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஒரே கல்லூரியில் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் அடுத்தடுத்து நடக்கும், பட்டம் ஒன்று, கட்டணம் பல மடங்கு வேறு. அனுமதிக் கடிதத்தில் எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். சுயநிதிப் பிரிவு என்றாலோ, விடுதியில் இடமில்லாமல் வெளியில் அறை எடுக்க வேண்டும் என்றாலோ, தயக்கமின்றி உள்ளூர் அரசுக் கல்லூரியில் சேருங்கள். அங்கே மூன்றாண்டுச் செலவு, பேருந்தையும் புத்தகத்தையும் சேர்த்தாலும், உங்கள் ஓராண்டு நகை வட்டியை ஒட்டியே வரும். மகள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவர் என்றால், எந்தக் கல்லூரியானாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ₹1,000-க்கு விண்ணப்பிக்க மறக்க வேண்டாம்.

உள்ளூர் என்றதும் முகம் சுளிக்க வரலாற்றுத் துறையில் காரணம் குறைவு. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், ஹைதராபாத் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. வரலாற்றுக்கு நுழைவுத் தேர்வு வழியே சேர்க்கிறார்கள், பி.ஏ. எங்கே படித்தார் என்பது அந்தத் தேர்வில் மதிப்பெண் ஆகாது. அங்கெல்லாம் கட்டணமும் தனியார் பல்கலைக்கழகத்தின் அருகில் வைத்துப் பேசும் அளவில் இல்லை. பெயர் வேண்டும் என்றால், அதை எம்.ஏ.வில் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். அதற்குள் ஆங்கிலத்தில் வாசிக்கவும் எழுதவும் நன்கு பழகியிருக்க வேண்டும். நெட் தேர்வின் வரலாற்றுத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. தமிழ் வழியில் படிப்பதாக இருந்தால் இந்த ஒன்றில் மட்டும் கூடுதல் உழைப்பு தேவை.

மேலும், உங்கள் மகள் படிக்க விரும்புவது பர்மாக் கணக்கு. அதற்கான மூலங்களைத் தேடி வடக்கே போக வேண்டியதில்லை. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. தரமணியிலிருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் கோட்டையூரில் ஒருவர் வீட்டில் சேர்த்து வைத்த புத்தகங்களிலிருந்து பிறந்தது. சென்னையில் மூன்றாண்டு படித்தால் நேரம் கிடைக்கும்போதெல்லாம் அங்கே போய் உட்காரலாம். நான் சென்னையை விரும்புவதற்குக் கட்டணத்துக்கு அடுத்த காரணம் இதுதான். உள்ளூரில் படித்தால் கீழடி அதே மாவட்டத்தில் இருக்கிறது, பரண் அதைவிடப் பக்கம்.

ஊர் வீட்டு ஓடு மாற்றுவதற்கு உங்கள் பங்கு ₹1.2 லட்சத்தைத் தை மாதத்துக்குள் கட்டச் சொல்லிப் பங்காளிகள் கேட்பதாகத் தாளின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். பூர்வீக வீட்டைக் கைவிடச் சொல்லவில்லை. இந்த ஆண்டு முடியாது, அடுத்த ஆண்டு முதல் மூன்று தவணைகளில் நாற்பதாயிரமாகக் கட்டுகிறோம் என்று உங்கள் கணவர் எழுத்தில் தெரிவிக்கட்டும். வாயால் சொன்னால் மறுபடி நகையில் போய் முடியும். அதே கடிதத்தில், கூரையைப் பிரிப்பதற்கு முன் பரணிலுள்ள பேரேடுகளை இறக்கி உங்கள் மகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.