எட்டாவது பணியாரம்

கேள்வி: யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்ல எனக்கு வராது. சபையில் ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, காணிக்கைக் கணக்கு எல்லாம் என் தலையில். போன மாதம் பக்கத்து வீட்டு ஆச்சியின் அறுபதாம் கல்யாணத்தில், 'இன்னும் ஒண்ணு வச்சுக்கங்க' என்று வைக்க வைக்க எட்டு வெள்ளைப் பணியாரம் தின்று இரவெல்லாம் அவதிப்பட்டேன். மனுஷரைப் பிரியப்படுத்தும் இந்தக் குணத்தை ஒரு கிறிஸ்தவளாக நான் எப்படி விடுவது?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: எட்டா! முதலில் ஒரு சந்தேகம். அது வெள்ளைப் பணியாரம்தானா?

பச்சரிசியை ஆழாக்கில் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். அந்தக் கோபுரம்தான் உளுந்தின் அளவு. ஊறவைத்து, மைய அரைத்து, உப்பும் துளி சர்க்கரையும் கொஞ்சம் பாலும் சேர்த்து, காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி. ஒரு நேரத்துக்கு ஒன்றுதான். உப்பி மேலே வந்ததும் திருப்பிப் போட்டு, வெள்ளை மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். ஓரம் சிவந்தது இலைக்கு வராது, அடுப்படியிலேயே பிள்ளைகளுக்குப் போய்விடும். இப்போது காண்ட்ராக்ட் சமையல்காரர்கள் ஒரே சட்டியில் ஆறு ஊற்றிப் பழுப்பு நிறத்தில் எடுத்து, வெள்ளை என்று கூசாமல் பரிமாறுகிறார்கள். உங்கள் வயிற்றைப் புரட்டியது அதுவாகத்தான் இருக்கும். மிளகாயை அள்ளிக் கொட்டிவிட்டு 'செட்டிநாடு' என்று போர்டு மாட்டும் பட்டணத்து ஓட்டல்களைப் பற்றி இன்று எழுதப் போவதில்லை. எழுதினால் பக்கம் போதாது. குழிப்பணியாரமும் இதுவும் ஒன்றுதானே என்று இன்னமும் எழுதிக்கொண்டிருக்கும் மதுரை அன்பருக்கு மட்டும் ஒரு வரி: இல்லை.

சரி, பந்திக்கு வருவோம். பந்தியில் தடுமாறியவர் நீங்கள் மட்டுமல்ல. இயேசுவின் சீடர்களில் முன்னின்றவர், சாட்சாத் பேதுருவே தடுமாறியிருக்கிறார். அந்தியோகியாவில் யூதரல்லாத விசுவாசிகளோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபின் ஆட்கள் வந்ததும், அப்படிச் சேர்ந்து சாப்பிடுவதை அவர்கள் ஒப்பமாட்டார்களே என்று பயந்துபோய் விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்கள், கடைசியில் பவுலின் கூட்டாளி பர்னபாவும்கூட விலகிவிட்டார்கள். கூடச் சாப்பிட்டவர் நம்மை ஒதுக்கிவிட்டு எழுந்துபோனால் அதற்கு என்ன அர்த்தம் என்று செட்டிநாட்டில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். பவுல் அத்தனை நாள் காத்திருக்கவில்லை. எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். 'முகமுகமாய் அவனோடே எதிர்த்தேன்' என்று கலாத்தியருக்கு எழுதியும் வைத்துவிட்டார். 'நான் இன்னும் மனுஷரைப் பிரியப்படுத்துகிறவனாயிருந்தால் நான் கிறிஸ்துவின் ஊழியக்காரனல்லவே' என்பதும் அதே நிருபத்தில்தான் வருகிறது.

பேதுரு வந்தவர்களைச் சந்தோஷப்படுத்தினார். யார் கணக்கில்? பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கணக்கில். இயேசுவை விசாரித்த ரோம ஆளுநர் பிலாத்துவைப் பாருங்கள். 'ஜனங்களைப் பிரியப்படுத்த மனதுள்ளவனாய்' கைதி பரபாசை விட்டான் என்று மாற்கு எழுதுகிறார். அன்றைக்குக் கூட்டத்தில் எல்லாருக்கும் திருப்தி. சிலுவை சுமந்தவர் வேறொருவர். நல்ல பேர் நமக்கு, செலவு இன்னொருவருக்கு. என்னைக் கேட்டால் இந்தக் குணத்தில் உறுத்த வேண்டியது இதுதான். அதனால் உங்கள் எட்டுப் பணியாரத்தைப் பாவக்கணக்கில் சேர்க்காதீர்கள். நஷ்டம் உங்கள் வயிற்றோடு போயிற்று. ஆனால் மூன்று வேலைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பாடம் தயாரிக்காமல் போய் நின்றால், அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்?

இதே பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது 'எல்லாருக்கும் எல்லாவற்றிலும் பிரியமாய் நடக்கிறேன்' என்கிறாரே என்று யாராவது சண்டைக்கு வரலாம். முழு வசனத்தையும் படித்துவிட்டு வரட்டும். சுயபிரயோஜனத்தைத் தேடாமல், அவர்கள் இரட்சிக்கப்படும்படி என்று சேர்த்துத்தான் சொல்கிறார். தன்னைப் பற்றி நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கவலை அந்த வரியில் இல்லை.

நீங்கள் எந்தச் சபை என்று எழுதவில்லை. எதுவானாலும் ஒரு கத்தோலிக்கரைச் சொன்னால் கோபிக்க மாட்டீர்களே? தேவகோட்டையிலிருந்து ஓரியூருக்கு ஒருமுறை போய்வாருங்கள். அங்கேதான் அருளானந்தர் என்று நம் ஜனங்கள் கொண்டாடும் போர்த்துகீசியப் பாதிரியார் ஜான் டி பிரிட்டோவின் தலையை வெட்டினார்கள். லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்த பிள்ளை. நயந்து பேசத் தெரியாதவர் இல்லை. மறவர் சீமையின் தடியத் தேவர் ஞானஸ்நானம் கேட்டு வந்தார். அவருக்கு மனைவிமார் பலர். ஒருவர்தான் இருக்கலாம் என்று அருளானந்தர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் அந்தச் சீமையை ஆண்ட சேதுபதிக்கு உறவு. புகார் அரண்மனைக்குப் போயிற்று. 1693 பிப்ரவரி 4 அன்று கதை முடிந்தது. விலக்கப்பட்ட பெண்களின் கதி என்ன ஆயிற்று என்று எனக்கு ஒரு உறுத்தல் உண்டு, அது வேறு பஞ்சாயத்து. பெரிய இடம் என்று அவர் குழையவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்களிடம் யாரும் தலையைக் கேட்கவில்லை. பாடகர் குழுவைத்தான் கேட்கிறார்கள். கொடுத்துவிடுங்கள், பாட ஆசைப்படுகிறவர்கள் எந்தச் சபையிலும் குறைவில்லை. கணக்கு நோட்டை இந்த வருஷ முடிவோடு ஒப்படைப்பதாக இப்போதே தேதி சொல்லுங்கள். 'பார்க்கலாம்', 'ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்' என்றெல்லாம் இழுக்காதீர்கள். பாதி ஜெபம் இந்தச் சாக்கிலேயே செலவாகிறது. கப்பர்நகூமில் 'உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்' என்று சீமோன், அதாவது அதே பேதுரு, வந்து சொன்னபோது, இயேசுவே அடுத்த ஊருக்குப் போகலாம் என்று கிளம்பிவிட்டார். அத்தனை பேர் தேடிக்கொண்டிருந்தும்.

அப்புறம், உங்கள் கடிதத்தோடு தம்பி மகனின் கவிதை ஒன்றும் வந்திருக்கிறது. அவன் கேட்டான், உங்களால் மறுக்க முடியவில்லை, அனுப்பிவிட்டீர்கள். நான் போடப் போவதில்லை.