இதர செலவு 18,400: மேனேஜரிடம் கணக்கு கேட்கலாமா?

கேள்வி: நாகர்கோவிலில் மேல்மாடியில் எனக்கு ஒரு ஃபிளாட். நான் மஸ்கட்டில் வேலை பார்க்கிறேன், அம்மா மட்டும் அங்கே இருக்கிறார். மாதம் 3,000 ரூபாய் மெயின்டனன்ஸ். அசோசியேஷன் போட்ட மேனேஜர் வாட்ஸ்அப்பில் ‘இதர செலவு 18,400’ என்று ஒரு வரி போடுவதோடு சரி. லிஃப்ட் அடிக்கடி நிற்கிறது, மொட்டை மாடி ஒழுகி பெட்ரூம் சுவர் ஊறிப்போய் இருக்கிறது. பணத்தை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் நீங்கள் பாக்கிக்காரர் ஆகிவிடுவீர்கள், அப்புறம் பேச்சு முழுக்க உங்கள் பாக்கியைப் பற்றித்தான் இருக்கும்.

மேனேஜர் அசோசியேஷனுக்காக வேலை செய்பவர், அதனால் முதலில் அவரோடு போட்ட ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். பில்லோடு மாதக் கணக்கு, லிஃப்ட் சர்வீஸ் ரெக்கார்டு, பெரிய வேலைக்கு இரண்டு மூன்று கொட்டேஷன், புகாருக்கு எழுத்தில் பதில், இவ்வளவையும் எதிர்பார்ப்பதில் தப்பே இல்லை. மொட்டை மாடி எல்லோருக்கும் பொது, ஆகவே அந்த ஒழுகலைச் சரிசெய்வது அசோசியேஷன் பொறுப்பு. ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை என்கிற நம்ம ஊரில் இதைத் தள்ளிப்போட்டால் கம்பி துருப்பிடித்து காங்கிரீட் பெயரும். ஆனால் கமிட்டி பணம் ஒதுக்காமல் மேனேஜர் மட்டும் எதுவும் செய்ய முடியாது, உங்கள் வீட்டுக்குள் குழாய் ஒழுகினால் அதுவும் அவர் வேலை இல்லை.

அதனால் கடிதத்தைச் செயலாளர் பெயருக்கே எழுதி, சுவரின் போட்டோவையும் வைத்து, ஸ்பீட் போஸ்டிலும் ஈமெயிலிலும் அனுப்புங்கள். 15 நாள் கெடு கொடுங்கள். பதில் இல்லையென்றால், சங்கம் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானதா என்று பாருங்கள். பதிவாகியிருந்தால் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் கையெழுத்திட்டு மாவட்டப் பதிவாளரிடம் 36-ஆம் பிரிவில் விசாரணை கேட்கலாம். உங்களைப் போலவே வெளிநாட்டில் இருக்கும் மற்ற வீட்டுக்காரர்களையும் இப்போதே பேசிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். மேனேஜர் ஒரு ஏஜென்சி என்றால் சேவைக் குறைபாடு என்று வழக்குப் போட வழி உண்டு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். அவரே சங்கத்தில் மாதச் சம்பளத்துக்கு இருப்பவர் என்றால் நுகர்வோர் சட்டம் அவர் மேல் செல்லாது, சங்கத்தைத்தான் கேட்க வேண்டும்.