மேக் ப்ரோ: ஆறு ஆண்டுக் காத்திருப்பு

கேள்வி: ஆப்பிளின் மேக் ப்ரோ மேசைக் கணினி 2013-க்குப் பிறகு 2019 வரை புதிய மாதிரி எதுவும் இல்லாமல் கிடந்தது ஏன்? அதை நம்பித் தொழில் செய்தவர்களின் கோபம் நியாயமானதுதானா?

பதில்: முற்றிலும் நியாயமானது. 2013 டிசம்பரில் வெளிவந்த உருளை வடிவ மேக் ப்ரோவில், நடுவில் நின்ற முக்கோண வெப்பக்கடத்தியின் ஒரு பக்கத்தில் செயலியையும் மற்ற இரு பக்கங்களில் படக்காட்சிகளைக் கையாளும் இரண்டு கிராஃபிக்ஸ் அட்டைகளையும் பொருத்தி, மூன்றின் சூட்டையும் ஒரே மின்விசிறியால் வெளியேற்றினார்கள். தொழில்துறையோ அதிக மின்சாரம் இழுக்கும் ஒற்றைப் பெரிய அட்டையின் பக்கம் போய்விட்டது. அந்தச் சூட்டைத் தணிக்க இந்த உருளையில் வழியில்லை. 2017 ஏப்ரலில் ஆப்பிளின் உயரதிகாரிகளே செய்தியாளர்களை அழைத்து இதை ஒப்புக்கொண்டார்கள்.

வடிவமைப்பில் கணக்குத் தப்புவது யாருக்கும் நேரலாம். மூன்றாண்டுகளுக்கு மேல் வாய் திறக்காமல் இருந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. படத்தொகுப்பாளரும் இசைப்பதிவாளரும் மென்பொருள், துணைக்கருவிகள் என எல்லாவற்றையும் ஒரே இயங்குதளத்தை நம்பி வாங்கியவர்கள் என்பதால், காத்திருப்பதா, விண்டோஸுக்கு மாறுவதா என்று முடிவெடுக்க அவர்களுக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

2019 டிசம்பரில் வந்த மாதிரி இந்தக் குறையைத் தீர்த்ததோடு, 1.5 டெராபைட் (சுமார் 1,500 ஜிகாபைட்) வரை நினைவகமும் (ரேம்) ஏற்றது. ஆனால் 2023-ல் ஆப்பிளின் சொந்தச் சில்லான எம்2 அல்ட்ராவோடு வந்த மாதிரியில் நினைவகத்தின் உச்சவரம்பு 192 ஜிகாபைட்தான். தனி கிராஃபிக்ஸ் அட்டை பொருத்தவும் வழியில்லை.